ஆக்ரனிலிருந்து அடையாறு வரை

குடியை விட்டவர்கள் வாரந்தோறும் கூடி ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ளும் பன்னிரண்டு படி முறை சென்னைக்கு வந்து சேர்ந்தபோது அதில் கிறிஸ்துவின் பெயர் இல்லை. ஆனால் அது பிறந்தது கிறிஸ்தவ ஜெபக்கூட்டத்தில். பெயர் எப்படி விழுந்தது, பெயரோடு போகாமல் எது தங்கியது என்பதில்தான் அதன் வரலாறு இருக்கிறது.

இந்த முறை வருவதற்கு வெகு காலம் முன்பே சென்னைக் கிறிஸ்தவர்களிடம் குடிக்கு எதிராக ஓர் ஆயுதம் இருந்தது: பொருத்தனை. லெந்து நாட்கள் நாற்பதும் தொடமாட்டேன் என்று வேண்டிக்கொள்வது இன்றும் உண்டு. ஆகஸ்ட் கடைசியில் காவி உடுத்தி பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலுக்கு நடந்து செல்பவர்களில் குடியை விடுவதாக நேர்ந்துகொண்டவர்களும் இருப்பார்கள். சபரிமலைக்கு மாலை போடுபவர் மண்டலம் முழுவதும் கடைப்பக்கம் தலைவைக்காமல் இருப்பதும் இதே வகைதான். விரதத்தின் பலம் பெரிது. வருடம் முழுக்கக் குடித்தவர் நாற்பத்தொரு நாள் சொட்டுக்கூடத் தொடாமல் இருந்துவிடுகிறார். ஆனால் விரதத்துக்கு முடிவு நாள் உண்டு. மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே பழைய இடத்தில் நிற்பவர்களைத் தெரியாத தெரு சென்னையில் இருக்காது.

அரசு தேடிய வழி சட்டம். ராஜாஜி 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-இல் அது மாகாணம் முழுவதும் பரவியது. 1971-இல் விலக்கிக்கொள்ளப்பட்டு, சில ஆண்டுகளில் திரும்ப வந்து, மறுபடி தளர்ந்து, 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் அமைந்தது. 2003-இல் சில்லறைக் கடைகளும் அதன் கைக்கு வந்தன. கடையைத் திறப்பதும் மூடுவதும் சட்டத்தின் வேலை. கடைக்குப் போய்ப் பழகிய கால்களைப் பற்றிச் சட்டத்திடம் பதில் இல்லை.

பன்னிரண்டு படிகளின் வேர் அமெரிக்காவில் இருந்தாலும் தென்னிந்தியாவுக்கும் அதில் ஒரு சிறு பங்கு உண்டு. 1896-இல் இந்தியா வந்த ஒய்.எம்.சி.ஏ. ஊழியர் ஷெர்வுட் எட்டி, தமிழ் கற்று மதராஸ் மாகாண மாணவர்களிடையே பணியாற்றியவர். 1915-இல் அவரோடு இந்தியாவைச் சுற்றிவந்தவர்களில் ஃபிராங்க் புக்மன் என்ற லூத்தரன் போதகரும் ஒருவர். பெரும் பந்தலில் ஆயிரக்கணக்கானோரைக் கூட்டிப் பிரசங்கம் செய்வது மனிதனைத் தொடுவதில்லை, ஒருவர் இன்னொருவரோடு தனியே உட்கார்ந்து மனம்விட்டுப் பேசினால்தான் மாற்றம் நிகழும் என்ற எண்ணம் அந்தப் பயணத்தில் அவருக்கு உறுதிப்பட்டது. பின்னாளில் அவர் கட்டிய இயக்கமே ஆக்ஸ்போர்டு குழு. காலையில் மௌன தியானம், குற்றத்தை இன்னொருவரிடம் அறிக்கையிடுதல், தீங்கு செய்தவர்களைத் தேடிப்போய் ஈடுசெய்தல், நேர்மை, தூய்மை, தன்னலமின்மை, அன்பு என்ற நான்கு அளவுகோல்களால் தன்னை அளந்துபார்த்தல் ஆகியவை அதன் அன்றாடப் பயிற்சிகள்.

அந்தக் குழுவின் வழியாகக் குடியை நிறுத்தியிருந்த நண்பர் ஒருவர் 1934 இறுதியில் நியூயார்க் பங்குச்சந்தைக்காரர் பில் வில்சனைத் தேடிவந்தார். அந்த டிசம்பரில் வில்சனும் நிறுத்தினார். ஆறு மாதம்கூட ஆகவில்லை. 1935 மே மாதம் ஆக்ரன் நகரில் ஒரு வியாபார முயற்சி கைநழுவிப்போக, ஓட்டல் முகப்பில் தனியாக நின்றார். ஒரு பக்கம் மதுக்கூடத்தின் சிரிப்பும் சத்தமும். மறுபக்கம் தொலைபேசியும் ஊரிலுள்ள தேவாலயங்களின் பட்டியலும். பட்டியலிலிருந்து ஒரு போதகரை அழைத்தார். பேச ஒரு குடிகாரர் வேண்டும் என்று கேட்டார். விசாரிப்பு கைமாறிக் கைமாறி, டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரிடம் போய் நின்றது. கால் மணி நேரத்துக்கு மேல் இருக்கமாட்டேன் என்று சொல்லி வந்த மருத்துவர் ஆறு மணி நேரத்துக்கும் மேல் பேசிக்கொண்டிருந்தார். அவர் கடைசியாகக் குடித்ததாகக் கொள்ளப்படும் 1935 ஜூன் 10-ஐத்தான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது.

ஆக்ரன் வீட்டுக் கூட்டங்களில் வேதாகமம்தான் பாடநூல். மலைப்பிரசங்கம், கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் பதின்மூன்றாம் அதிகாரம், யாக்கோபின் நிருபம் மூன்றும் திரும்பத்திரும்ப வாசிக்கப்பட்டன. கிரியை இல்லாத விசுவாசம் செத்தது என்று கண்டிப்பாகப் பேசும் யாக்கோபு, நாளைக்கு விட்டுவிடுவேன் என்று பழகிப்போனவர்களுக்கு ஏற்ற ஆசிரியர். கத்தோலிக்கரும் வந்து சேர்ந்தார்கள். 1939-இல் ஆக்ரனின் புனித தோமையார் மருத்துவமனையில் சிஸ்டர் இக்னேஷியா என்ற கன்னியர், வேறு எங்கும் சேர்த்துக்கொள்ளாத குடிநோயாளிகளுக்குப் படுக்கை கொடுக்கத் தொடங்கினார். வீடு திரும்புபவரின் கையில் அவர் ஒரு சிறு திருஇருதயப் பதக்கத்தை வைப்பார். நிபந்தனை ஒன்றே: மறுபடி குடிப்பதானால், முதல் மிடறுக்கு முன் இதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சட்டைப்பையில் கிடக்கும் அந்தச் சிறு உலோகத்துண்டு, நேரில் போய்ச் சொல்லும் வெட்கத்தை நினைவூட்டும்.

பன்னிரண்டு படிகளும் அச்சேறிய நூல் 1939-இல் வந்தது. அச்சுக்குமுன் நடந்த சச்சரவே கிறிஸ்துவின் பெயரை விலக்கியது. நியூயார்க் உறுப்பினர்களில் நாத்திகர்களும் இருந்தார்கள். ஜிம் பர்வெல் என்பவர் விடாப்பிடியாக வாதாடினார். கடவுளை ஒவ்வொருவரும் தாம் புரிந்துகொண்டபடி கொள்ளலாம் என்ற சொற்கள் அப்படித்தான் நுழைந்தன. முழந்தாளிட்டு வேண்டுவது பற்றிய சொல் நீங்கியது. அறிக்கையிடுதலும் ஈடுசெய்தலும் தினசரி தன்னாய்வும் ஜெபமும் அப்படியே நின்றன. பக்தர்கள் சிலருக்கு இது விசுவாசத்தை நீர்த்துப்போகச் செய்ததாகப் பட்டது. மயிலாப்பூரில் நெற்றியில் திருநீறு இட்டவர் இந்தக் கூட்டத்தில் கூசாமல் உட்கார முடிவது அந்த ஒரு திருத்தத்தால்தான்.

ஏ.ஏ. 1957-இல் கனடாக்காரர் ஒருவர் மூலம் டெல்லியில் கால் ஊன்றி, பிற நகரங்களுக்குப் பரவியது. சென்னையில் பல குழுக்கள் தேவாலய வளாகங்களிலும் பள்ளி அறைகளிலும் கூடுகின்றன. உறுப்பினர் கட்டணம் கிடையாது. வெளியார் நன்கொடையும் வாங்குவதில்லை. கூட்டத்தில் சுற்றிவரும் பையில் விழுவதே செலவுக்கு. பேசுபவர் தன் பெயரைச் சொல்லி, ‘நான் ஒரு குடிநோயாளி’ என்று தொடங்குவார். ஜாதி, மதம், உத்தியோகம் தெரியவராது. கணக்கு ஒரு நாளுக்குத்தான்: இன்றைக்குக் குடிக்கவில்லை, அவ்வளவே. முடிவு நாள் உள்ள விரதத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான்.

குடி ஒரு நோய் என்ற பேச்சைத் தமிழ்க் குடும்பங்களுக்குள் கொண்டுபோனதில் அடையாறு இந்திரா நகரின் டி.டி.கே. மருத்துவமனைக்குப் பெரும் பங்கு உண்டு. டி.டி.கிருஷ்ணமாச்சாரியின் பேரன் டி.டி.ரங்கநாதன் இளம் வயதிலேயே குடிநோய்க்குப் பலியானார். அவர் மனைவி சாந்தி ரங்கநாதன் 1980-இல் கணவர் பெயரில் அறக்கட்டளை தொடங்கினார். 1992-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. மருந்து கொடுத்து உடலைத் தெளிவித்தபின் ஆலோசனை, குழுப் பேச்சு, நேரப்படி எழுந்து உண்டு உறங்கும் ஒழுங்கு என்று சிகிச்சை நகரும். மனைவியும் வந்து உட்கார வேண்டும். ஆஸ்பத்திரிக்கு வராதவர்களைத் தேடி 1989-இல் திருவாரூர்ப் பக்கம் மஞ்சக்குடியில் முகாமும் நடந்தது. இந்துக் குடும்பம் ஒன்று தொடங்கிய இந்த நிலையத்தின் பயிற்சியில் பன்னிரண்டு படிகளுக்கு இடம் உண்டு.

கிறிஸ்துவின் பெயரைச் சொல்லியே நடக்கும் வழியும் அருகிலேயே செழிக்கிறது. 1973-இல் தொடங்கிய நியூ லைஃப் அசெம்பிளி சின்னமலையருகே ஞாயிறுதோறும் பெருங்கூட்டத்தைக் கூட்டுகிறது. கிரீன்வேஸ் சாலையில் டி.ஜி.எஸ்.தினகரன் நிறுவிய ஜெபகோபுரத்துக்கு இரவிலும் தொலைபேசி வரும். பெந்தெகொஸ்தே சபைகளில் விடுதலை பெற்றவர் எழுந்து சாட்சி சொல்வார்; ‘நான் குடிகாரனாக இருந்தேன், கர்த்தர் என்னை விடுவித்தார்’ என்று வினை இறந்தகாலத்தில் வரும். ஏ.ஏ. கூட்டத்திலோ இருபது வருடமாகத் தொடாதவரும் தன்னைக் குடிநோயாளி என்றே சொல்லிக்கொள்கிறார். இறந்தகாலம் நம்பிக்கை தரும். சறுக்கி விழுந்தவருக்குத் திரும்பச் சபைமுன் நிற்கும் கூச்சத்தையும் தரும். சறுக்கியவர் மறுநாள் மீண்டும் ஒன்றாம் நாளிலிருந்து எண்ணத் தொடங்குவதற்கு நிகழ்காலம் இடம் விடுகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒன்றையும், வாரநாள் மாலையில் மற்றொன்றையும் சொல்லி வருபவர்களும் இருக்கிறார்கள்.