ஒரே செடி, நாலு ருசி: புகையிலையின் காரத்தைத் தீர்மானிப்பது எது?

சிகரெட், பீடி, சுருட்டு, வெற்றிலையோடு போடும் புகையிலை. நாலுக்கும் மூலம் பெரும்பாலும் ஒரே செடிதான்: நிகோட்டியானா டபாகம். (வட இந்தியாவில் ஹூக்காவுக்கும் மெல்லுவதற்கும் நிகோட்டியானா ரஸ்டிகா என்ற இன்னொரு இனமும் பயிராகிறது. அதில் நிகோட்டின் கூடுதல்.) அப்புறம் ருசி மட்டும் ஏன் இவ்வளவு மாறுது? ரகத்துக்கும் மண்ணுக்கும் பங்கு உண்டு. ஆனால் பெரிய வேலை நடப்பது பறித்த பிறகு, இலையைப் பாடம் செய்யும் இடத்தில்.

ஆந்திராவிலும் மைசூரு பக்கமும் விளையும் வர்ஜீனியா ரகத்தைப் பாருங்கள். இதன் சாகுபடியை முறைப்படுத்துவதற்காகவே 1976 முதல் குண்டூரில் புகையிலை வாரியம் இயங்குகிறது. பச்சை இலையைக் குச்சிகளில் கட்டி, மூடிய கொட்டகைக்குள் தொங்கவிட்டு, குழாய் வழியாகச் சூடு கொடுப்பார்கள். அடுப்புப் புகை இலையில் படாது. முதலில் 35-40 டிகிரி செல்சியஸ். இலை மஞ்சளாகும், உள்ளே மாவுச்சத்து சர்க்கரையாகும். சரியான நேரத்தில் சூட்டைக் கூட்டி நொதிகளை முடக்கிவிட்டால், அந்தச் சர்க்கரை அப்படியே தங்கிவிடும். நடுநரம்பு காய 70 டிகிரி வரை போகும். சுமார் ஒரு வாரத்தில் வேலை முடிந்தது.

பர்லி ரகத்துக்கு இந்த அவசரமே கிடையாது. நிழலில், காற்றாட, வாரக்கணக்கில் தொங்கும். இலை மெதுவாகச் சாவதால் தன் சர்க்கரையைத் தானே தின்று தீர்த்துவிடும். மிஞ்சுவது பழுப்பு நிறத்தில், பஞ்சு மாதிரி உறிஞ்சும் இலை. கோகோ, அதிமதுரம், சர்க்கரைப் பாகு எல்லாம் இதில்தான் ஏற்றுவார்கள்.

குஜராத்தின் சரோதர், கர்நாடகாவின் நிப்பாணி பகுதிகளின் பீடிப் புகையிலை வெயிலில் காய்வது. நம்ம ஊர் மெல்லும் புகையிலையில் வெயிலும் உண்டு, புகை போடுவதும் உண்டு. வெல்லப்பாகு சேர்ப்பதும் உண்டு. சுருட்டு இலையை அடுக்கிப் புழுங்க விடுவார்கள். அடுக்குக்குள் சூடேறி, அம்மோனியா வெளியேறி, முரட்டு வாடை அடங்கும்.

இதெல்லாம் வெறும் ருசி விவகாரம்னு நினைக்காதீங்க. சர்க்கரை தங்கிய வர்ஜீனியா இலையின் புகை சற்று அமிலத்தன்மை கொண்டது. தொண்டையில் அவ்வளவாக உறுத்தாது, அதனால் நுரையீரல் வரை இழுக்க முடிகிறது. சுருட்டுப் புகை காரத்தன்மை கொண்டது. இழுத்தால் இருமல் வரும். ஆனால் வாயின் உட்தோல் வழியாகவே நிகோட்டின் ரத்தத்தில் ஏறும். புகையிலையோடு சுண்ணாம்பு தடவுவதிலும் இதே வேதியியல்தான். சிகரெட்டின் ‘மென்மை’ என்று விற்கப்படுவது, புகை எவ்வளவு ஆழமாக உள்ளே போகிறது என்பதன் இன்னொரு பெயர்.

இந்தியாவில் இந்தக் கணக்கு முக்கியம். 2016-17 உலகளாவிய வயதுவந்தோர் புகையிலை ஆய்வின்படி 28.6% பேர் புகையிலை பயன்படுத்துகிறார்கள். சிகரெட் 4%, பீடி 7.7%தான். புகையில்லாப் புகையிலையோ 21.4%!

அந்த 21.4% பேருக்கும் பாடம் செய்யும் முறை நேரடியாகச் சம்பந்தப்பட்டது. இலை காயும்போதும் புழுங்கும்போதும் நுண்ணுயிரிகள் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுகின்றன; அது நிகோட்டின் வகைப் பொருள்களோடு சேர்ந்து நைட்ரோசமைன்கள் உருவாகின்றன. இவற்றில் என்.என்.என், என்.என்.கே இரண்டையும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதரில் புற்றுநோய் உண்டாக்குபவை என்று முதல் பிரிவில் வைத்திருக்கிறது. பச்சை இலையில் இவை மிகக் குறைவு. அமெரிக்காவில் வர்ஜீனியா கொட்டகைகளில் எரிவாயுப் புகை இலையில் நேராகப் படாதபடி மாற்றியதும் இவற்றின் அளவு குறைந்தது. ஆனால் பற்ற வைத்ததும் உருவாகும் தாரையும் கார்பன் மோனாக்சைடையும் எந்தக் கொட்டகையிலும் குறைக்க முடியாது.