வேலையிழந்த ஆடவரும் வாழ்வின் குறிக்கோளும்

ஆஸ்திரிய நாட்டின் தலைநகராகிய வியன்னாவுக்குத் தென்கிழக்கே மரியந்தால் என்னும் சிற்றூர் இருக்கின்றது. 1830 ஆம் ஆண்டில் அங்கு நிறுவப்பட்ட நெசவாலையைச் சுற்றி வளர்ந்த ஊர் அது. தொழிலாளர்க்கென நூல்நிலையம் ஒன்றும், நாடகக் குழுவும், பந்தாட்டக் கழகமும், மாலையில் உலாவ அழகிய பூங்காவும் அங்கு இருந்தன. 1929 ஆம் ஆண்டின் நடுவில் ஆலையின் பகுதிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1930 ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே ஆலை முற்றும் ஓய்ந்தது. 478 குடும்பங்களில் நாலில் மூன்று பங்கினர் அரசினர் அளித்த சிறு உதவித்தொகையையே நம்பி வாழும் நிலைக்கு வந்தனர். ரப்பர் விலை சரிந்து, மலாயாத் தோட்டங்களிலிருந்து நம்மவர் ஆயிரக்கணக்கில் கப்பலேற்றி அனுப்பப்பட்டதும் இதே உலக நெருக்கடியின் விளைவுதான் என்பதை வாசகர் அறிவர்.

அந்நாளில் வியன்னாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்திருந்த இளம் ஆராய்ச்சியாளர் பால் லாசர்ஸ்பெல்டு என்பவர், தொழிலாளர் தம் ஓய்வு நேரத்தை எவ்வாறு கழிக்கின்றனர் என ஆராய விரும்பினார். சமுதாய ஜனநாயகக் கட்சித் தலைவர் ஓட்டோ பாவரிடம் அவர் இதனைத் தெரிவித்தபோது, வேலையின்றி மக்கள் தவிக்கும் நாட்டில் ஓய்வைப் பற்றியா ஆராய்வது என்று கடிந்துகொண்ட பாவர், வேலையின்மையையே ஆராயுமாறு பணித்தார். இங்ஙனம் பிறந்ததே மரியந்தால் ஆராய்ச்சி. லாசர்ஸ்பெல்டுடன் மரீ யஹோடா என்னும் அம்மையாரும் ஹான்ஸ் சைசெலும் முதன்மையாக உழைத்தனர். யஹோடாவுக்கு அப்போது வயது இருபத்தைந்தைத் தாண்டவில்லை. 1931 ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய ஆராய்ச்சி, 1933 இல் நூலாக வெளிவந்தது.

வேலை போயிற்று, ஆனால் நேரம் மிகுந்தது. அந்நேரத்தை ஆடவர் என்ன செய்தனர்? நூல்நிலையத்தில் முன்பு வாங்கிய கட்டணத்தை நீக்கியபின்பும், இரவல் சென்ற நூல்களின் தொகை இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. பூங்காவில் புல்லும் களையும் மண்டின. ஊரெல்லாம் சும்மா இருந்தும் அவற்றைப் பிடுங்க ஒரு கை எழவில்லை. ஆராய்ச்சியாளர் ஊரின் பெருந்தெருவில் நடப்போரை மறைவிலிருந்து கவனித்துக் கணக்கெடுத்தனர். ஆடவரில் மூன்றில் இரு பங்கினர், அச்சிறு தொலைவைக் கடப்பதற்குள் இரண்டு முறையேனும் நின்று நின்று சென்றனர். நில்லாது நடந்தவர் பத்தில் ஒருவரே. பலர் கைக்கடிகாரம் அணிவதையே விட்டுவிட்டனர். வீட்டில் கடிகாரம் இருந்தும் அதைக் கட்டிக்கொள்ளாதோர் சிலர். ஒருநாட் பொழுதை மணிவாரியாக எழுதித் தருமாறு கேட்டபோது, எழுந்ததையும் உண்டதையும் உறங்கியதையும் அன்றி வேறு எழுத அவர்கட்கு ஒன்றும் அகப்படவில்லை.

பெண்டிர் நிலை வேறாயிருந்தது. அவர்களும் ஆலை வேலையை இழந்தவர்களே. ஆயினும் தெருவில் அவர்கள் விரைந்து நடந்தனர். சமையலும், கந்தலைத் தைப்பதும், பிள்ளைகளைப் பேணுவதும் அவர்களுக்காகக் காத்திருந்தன. அவ்வேலைக்கு ஊதியமில்லை, ஆனால் அவர்கள் கை ஓய்ந்தால் வீடு ஓய்ந்துவிடும். ஆராய்ச்சியில் கண்ட செய்திகளுள் இதுவே ஆழ்ந்து நோக்கத் தக்கது.

இவ்வாராய்ச்சிக்கு நிலைக்களனாயிருந்த உளநூல் நிலையத்தில் பெரும் பங்கு கொண்டிருந்தவர் சார்லட் பூலர் அம்மையார். அதே அம்மையார், வியன்னாவில் நடைபெற்ற மற்றொரு பணிக்கும் தம் நேரத்தை ஊதியமின்றி ஈந்தார். அது விக்டர் பிராங்கல் என்பவர் தொடங்கிய பணி. 1905 இல் பிறந்த பிராங்கல் மருத்துவ மாணவராயிருக்கும்போதே, 1928 ஆம் ஆண்டளவில், துயருற்ற இளைஞர்க்குக் கட்டணமின்றி அறிவுரை வழங்கும் நிலையங்களை அமைத்தார். பள்ளி மதிப்பெண் அறிக்கை வழங்கும் நாட்களில் மாணாக்கர் உயிரை மாய்த்துக்கொள்ளும் கொடுமையைத் தடுக்கத் தனி முயற்சியும் செய்தார்.

அவரிடம் வந்தோருள் வேலையற்ற இளைஞர் பலர். அவர்களுடைய சோர்வை ஆராய்ந்த பிராங்கல், 1933 இல் அதுபற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். வேலையில்லாதவன் பயனற்றவன் என்று அவ்விளைஞர் முதலில் எண்ணுகின்றனர். பயனற்றவன் வாழ்வு பொருளற்றது என்று அடுத்து முடிவு கட்டுகின்றனர். இவ்விரண்டும் பிழையான எண்ணங்கள் என்பது அவர் துணிபு. எனவே அவர் வெறும் ஆறுதல் கூறியதோடு நில்லாமல், இளைஞர் கழகங்களிலும், முதியோர் கல்விக்கூடங்களிலும், பொது நூல்நிலையங்களிலும் ஊதியமின்றித் தொண்டு செய்யுமாறு அவர்களைத் தூண்டினார். அவ்வாறு செய்தோரின் சோர்வு நீங்கியது. அவர்கள் பையில் காசு சேரவில்லை. வயிற்றுப் பசியும் முன்போலவே இருந்தது. இதனைப் பிராங்கலே மறையாது கூறினார்.

மரியந்தாலில் நூல்நிலையம் கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தும் ஆடவர் உள்ளே செல்லவில்லை. வியன்னாவிலோ நூல்நிலையத்தில் பணி செய்யச் சென்றவர் உயிர்த்தெழுந்தார். இரண்டு இடத்தும் நூல்கள் ஒன்றே. ஒன்றில் அவனுக்கு நூல் வழங்கப்பட்டது. மற்றொன்றில் அவன் வழங்கினான். இவ்வேறுபாட்டை ஊன்றிப் பார்த்தால், படிப்பகமும் ஆட்டக்களமும் கட்டித் தந்துவிட்டால் இளைஞர் திருந்திவிடுவர் என்று நம்புவோரின் கணக்கில் எங்கோ பிழையிருப்பது புலனாகும்.

பிராங்கலின் கொள்கைக்கு வந்த சோதனை கொடிது. யூதராகப் பிறந்த அவரை நாஜிகள் 1942 இல் சிறைமுகாமுக்கு அனுப்பினர். 1944 இல் அவுஷ்விட்சுக்குக் கொண்டு சென்றனர். மனைவியும் தாயும் தமையனாரும் மாண்டனர். முகாமில் இருவர், வாழ்விலிருந்து எதிர்பார்க்க இனி ஒன்றுமில்லை என்று சாகத் துணிந்தனர். ஒருவருக்கு வெளிநாட்டில் ஒரு குழந்தை இருந்தது. மற்றவர் அறிவியல் நூல் வரிசை ஒன்றைப் பாதியில் விட்டு வந்தவர். அதனை முடிக்க வேறொருவரால் இயலாது. அவ்விருவருக்கும் பிராங்கல் நினைவூட்டியது இவற்றைத்தான். 1945 ஏப்ரலில் விடுதலை பெற்ற பிராங்கல், மறு ஆண்டே வியன்னாவின் முதியோர் கல்விக்கூடத்தில் இப்பொருள் பற்றிச் சொற்பொழிவாற்றினார். 1997 இல் அவர் மறைந்தார்.

எனினும், தொண்டு ஒன்றே வேலையின்மைக்கு மருந்தாகிவிடும் என்று கொள்வது தவறு. அரசினர் தம் கடமையைக் கைவிட அது நல்ல சாக்காகவும் ஆகிவிடும். யஹோடா அம்மையார் இதில் பிராங்கலினும் கடுமையான கண்ணுடையவர். 1936 இல் ஆஸ்திரிய அரசு அவரைச் சிறையிட்டது. மறு ஆண்டு, நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்னும் நிபந்தனையின்மேல் விடுவித்தது. இங்கிலாந்து சேர்ந்த அவர், வேல்ஸ் நாட்டுச் சுரங்கப் பகுதியில் நடைபெற்ற ஒரு திட்டத்தை ஆராய்ந்தார். அங்கே வேலையிழந்த சுரங்கத் தொழிலாளர், உதவித்தொகையை இழக்காமலே, கூலியின்றிக் கூடி உழைத்துத் தமக்கு வேண்டும் பண்டங்களைத் தாமே ஆக்கிக்கொண்டனர். பிராங்கல் கூறியதை ஊரளவில் செய்து பார்த்ததுபோன்ற திட்டம் எனலாம். சேர்ந்தவர்களுள் பெரும்பாலோர் வயது முதிர்ந்தவர். இளைஞர் விலகியே நின்றனர். கூலியில்லா உழைப்பு, இழந்த வேலைக்கு ஈடாகவில்லை என்று யஹோடா கண்டார். கண்டதை அப்படியே அறிக்கையாக எழுதினார்.

அறிக்கையைப் படித்த திட்டத் தலைவர், இது தம் வாழ்நாட் பணியையே அழித்துவிடும் என்று வருந்தினார். 1938 இல் யஹோடாவின் குடும்பத்தார் வியன்னாவிலிருந்து தப்புவதற்குத் துணை நின்றவரும் அவரே. யஹோடா அறிக்கையை வெளியிடாமல் வைத்துக்கொண்டார். 1987 ஆம் ஆண்டில்தான் அது அச்சேறியது.