பாராகிளைடர்

பாராகிளைடர் என்பது விறைப்பான சட்டகம் எதுவும் இல்லாமல், உள்ளே புகும் காற்றினால் உப்பி வடிவம் பெறும் துணி இறக்கையைக் கொண்ட இலகுவான வானூர்தி ஆகும். வானோடி மலைச்சரிவில் ஓடிப் புறப்பட்டு, இறக்கையிலிருந்து கயிறுகளால் தொங்கும் இருக்கையில் அமர்ந்து பறப்பார். இதற்குப் பொறி கிடையாது. இதைக் கொண்டு பறக்கும் விளையாட்டு பாராகிளைடிங் எனப்படுகிறது.

பாராகிளைடரின் வடிவத்தைக் காப்பவை காற்றின் அழுத்தமும் கயிறுகளின் நீளமும் மட்டுமே. எனவே இதில் பறத்தல் பாதுகாப்பையும் கருவிப் பராமரிப்பையும் தனித்தனியாகப் பிரிக்க இயலாது.

வரலாறு

அமெரிக்கரான டோமினா ஜால்பர்ட் காற்றறைகளைக் கொண்ட துணி இறக்கைக்கு 1964 இல் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். 1965 இல் டேவிட் பாரிஷ் தாம் வடிவமைத்த ஒற்றைப் பரப்பு இறக்கையைக் கொண்டு நியூயார்க் மாநிலத்தின் ஹண்டர் மலைச்சரிவில் பறந்தார். 1978 இல் பிரான்சின் மியூசி என்னும் ஊரில் பாராசூட் வீரர்களான ஜான்-குளோட் பெதாம்ப், ஆந்த்ரே போன், ஜெரார் போசோன் ஆகியோர் பாராசூட்டை விரித்துக்கொண்டு சரிவில் ஓடிப் பறந்தனர். பாராகிளைடிங் தனி விளையாட்டாக வளர்ந்தது இதன் பின்னரே. முதல் உலக வாகைப்போட்டி 1989 இல் ஆஸ்திரியாவின் கோசன் நகரில் நடைபெற்றது.

அமைப்பு

இறக்கை மேல், கீழ் என இரு துணிப் பரப்புகளால் ஆனது. இவற்றிடையே உள்ள துணித் தடுப்புகள் இறக்கையைப் பல அறைகளாகப் பிரிக்கின்றன. முன்விளிம்பில் உள்ள திறப்புகள் வழியே காற்று அறைகளுக்குள் புகுகிறது. துணி, கிழிசல் எளிதில் பரவாதவாறு கட்டம் கட்டமாக நெய்யப்பட்ட நைலானால் ஆனது. காற்றுக் கசியாமல் இருக்க அதன் மீது மெல்லிய பூச்சு உண்டு.

கயிறுகள் டைனீமா அல்லது அராமிட் இழைகளால் ஆனவை. இவை முன்னிருந்து பின்னாக ஏ, பி, சி என வரிசைப்படுத்தப்பட்டு, இருபுறமும் உள்ள பட்டைகளில் இணைகின்றன. பின்விளிம்பில் இணைந்த பிரேக் கயிறுகளை இழுத்து வானோடி திரும்பவும் வேகத்தைக் குறைக்கவும் செய்கிறார். காலால் மிதிக்கும் விரைவூட்டி, இறக்கையின் தாக்கு கோணத்தைக் குறைத்து வேகத்தைக் கூட்டுகிறது.

ஐரோப்பியத் தர நெறிமுறையின்படி இறக்கைகள் ஏ, பி, சி, டி என நான்கு வகுப்புகளாகப் பிரிக்கப்படுகின்றன. ஏ வகுப்பு இறக்கை, வானோடி தவறு செய்தாலும் பெரும்பாலும் தானாகவே இயல்பு நிலைக்குத் திரும்பும். டி வகுப்பு இறக்கைக்குத் தேர்ந்த கை தேவை. இவ்வகுப்புகள் அமைதியான காற்றில் செய்யப்பட்ட சோதனைகளின் அடிப்படையில் அமைந்தவை. கொந்தளிப்பான காற்றில் எந்த வகுப்பும் முழுப் பாதுகாப்பு அளிப்பதில்லை.

பறப்பதற்கு முன்

பெரும்பாலான பாராகிளைடர்கள் இயல்பாக மணிக்கு 36 முதல் 40 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கின்றன. எதிர்க்காற்று மணிக்கு 30 கிலோமீட்டர் எனில், தரையைப் பொறுத்து முன்னேறும் வேகம் 10 கிலோமீட்டரைத் தாண்டாது. காற்று மேலும் வலுத்தால் வானோடி பின்னோக்கித் தள்ளப்பட்டு, மலையின் மறுபுறம் உள்ள சுழல்காற்றில் சிக்க நேரிடும். இதனால் சராசரி வேகத்தை மட்டுமின்றி, திடீர் வீச்சுகளின் வேகத்தையும் கவனித்த பின்னரே புறப்பட வேண்டும். மலையின் காற்று மறைவுப் பக்கத்தில் ஒருபோதும் பறக்கக்கூடாது.

ஒவ்வொரு முறை புறப்படும் முன்பும் பின்வருவன ஒரே வரிசையில் சரிபார்க்கப்படுகின்றன:

1. தலைக்கவசம், கால் பட்டைகள், மார்புப் பட்டை ஆகியவை பூட்டப்பட்டிருத்தல்
2. காப்புப் பாராசூட்டின் கைப்பிடியும் ஊசியும் உரிய இடத்தில் இருத்தல்
3. பட்டைகள் முறுக்கின்றியும், கயிறுகள் சிக்கின்றியும் இருத்தல்
4. இறக்கை வில் வடிவில் விரிந்து, முன்விளிம்பு திறந்திருத்தல்
5. காற்றின் திசையும் வேகமும் ஏற்றனவாக இருத்தல்
6. முன்னும் மேலும் வான்வெளி காலியாக இருத்தல்

கால் பட்டைகளைப் பூட்ட மறப்பது உயிரைப் பறிக்கக்கூடிய தவறாகும். நிலத்தில் நிற்கும்போது இத்தவறு உணரப்படுவதில்லை. கால் தரையை விட்டு எழுந்த பின்னர் வானோடி இருக்கையிலிருந்து நழுவி, கைகளால் மட்டும் தொங்கும் நிலை ஏற்படும். அனுபவம் மிக்கவர்களும் இதற்கு ஆளாகியுள்ளனர். இருக்கையை அணியும்போது கால் பட்டைகளை முதலிலும் மற்றவற்றைப் பின்னரும் பூட்டும் பழக்கம் இதனாலேயே கற்பிக்கப்படுகிறது.

பறக்கும்போது

கொந்தளிப்பான காற்றில் இறக்கையின் ஒரு பக்கம் மடிந்து போகலாம். அப்போது இறக்கை மடிந்த பக்கமாகத் திரும்பும். வானோடி முதலில் தம் எடையை மடியாத பக்கத்திற்கு மாற்றி, அப்பக்கப் பிரேக்கைச் சிறிதளவு இழுத்துத் திசையைக் காக்க வேண்டும். அதன் பின்னரே மடிந்த பக்கத்தைத் திறக்க முயல வேண்டும். பதற்றத்தில் பிரேக்கை மிகையாக இழுத்தால், நன்றாக இருந்த பக்கமும் ஏற்றுவிசையை இழந்துவிடும். மடிவை விட, அதற்குக் காட்டும் மிகையான எதிர்வினையே பல வேளைகளில் பெரிய இடராகிறது. போதிய உயரம் இருந்தால் இறக்கை மீளக் காலம் கிடைக்கும். நிலத்தின் அருகே அக்காலம் கிடைப்பதில்லை.

கட்டுப்பாடு திரும்பாதபோதும், உயரம் விரைந்து குறையும்போதும் காப்புப் பாராசூட்டைத் தயங்காமல் வெற்றிடம் நோக்கி வீச வேண்டும்.

சரிவை ஒட்டிப் பறக்கும் இருவர் எதிரெதிரே வந்தால், மலையை வலப்பக்கத்தில் கொண்டவருக்கு முன்னுரிமை உண்டு. மற்றவர் விலகிச் செல்ல வேண்டும். வெப்ப எழுகாற்றில் சுற்றுவோர், அதில் முதலில் நுழைந்தவர் சுற்றும் திசையிலேயே சுற்ற வேண்டும்.

இடிமேகம்

வளரும் இடிமேகத்தின் அடியில் காற்று நொடிக்கு 20 மீட்டருக்கும் மேலான வேகத்தில் எழக்கூடும். இறக்கையின் நுனிகளை மடித்து இறங்கும் முறை நொடிக்குச் சில மீட்டர் இறக்கத்தையே தரும். சுருள் இறக்கம் இதனினும் விரைவானது எனினும், அதன் விசையால் வானோடி நினைவிழக்க நேரிடலாம். எனவே மேகத்தால் உறிஞ்சப்பட்ட பின் தப்ப முயல்வதை விட, முன்னதாகவே தரையிறங்கிவிடுவதே உறுதியான வழியாகும்.

2007 பெப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் மனில்லாவில் ஜெர்மன் வீராங்கனை எவா விசுனியெர்ஸ்கா இவ்வாறு இடிமேகத்தில் சிக்கி, 9,946 மீட்டர் உயரத்திற்கு இழுத்துச் செல்லப்பட்டார். ஆக்சிசன் குறைவாலும் கடுங்குளிராலும் அவர் நினைவிழந்தார். வானோடி செயலற்றிருந்தும் இறக்கை பறந்துகொண்டிருந்தது. நினைவு திரும்பிய பின் அவர் உயிருடன் தரையிறங்கினார். அதே புயலில் சிக்கிய சீன வீரர் ஒருவர் உயிரிழந்தார்.

பராமரிப்பு

துணி

சூரியனின் புற ஊதாக் கதிர்கள் இறக்கைத் துணியின் முதன்மையான எதிரியாகும். பறக்காத நேரத்தில் இறக்கையை வெயிலில் விரித்து வைக்கக்கூடாது. பூச்சு தேய்ந்தால் துணி வழியே காற்றுக் கசியும். இத்தகைய இறக்கை புறப்படும்போது மெதுவாக எழும். பறக்கும்போது, உப்பிய தோற்றத்துடனேயே முன்னேறாமல் செங்குத்தாக இறங்கும் நிலைக்கும் சென்றுவிடலாம். குறிப்பிட்ட அளவு காற்று துணியைக் கடக்க எடுக்கும் நேரத்தைக் கருவியால் அளந்து கசிவு மதிப்பிடப்படுகிறது.

அழுக்கை நன்னீராலும் மென்மையான பஞ்சாலும் மட்டுமே துடைக்க வேண்டும். சோப்பு பூச்சைக் கெடுக்கும். கடல்நீர் பட்டால் உடனே நன்னீரில் அலசி, நிழலில் உலர்த்த வேண்டும். ஈரத்துடன் மடித்தால் பூஞ்சை பிடிக்கும். அறைகளுக்குள் மணலோ வெட்டுக்கிளி போன்ற பூச்சிகளோ இல்லை என்பதை மடிக்கும் முன் உறுதி செய்ய வேண்டும். உள்ளே சிக்கிய பூச்சி துணியைக் கடித்துத் துளையிடக்கூடும். கோடையில் மூடிய மகிழுந்தினுள் இறக்கையை விட்டுவைப்பது துணிக்கும் கயிற்றுக்கும் கேடு.

தையலிலிருந்து விலகிய சிறு கிழிசலை ஒட்டுத்துணியால் சரிசெய்யலாம். பெரிய கிழிசலையும் தையலருகே உள்ள கிழிசலையும் தகுதி பெற்ற பணிமனையே சீர்செய்ய வேண்டும்.

கயிறுகள்

முன்வரிசைக் கயிறுகள் எடையின் பெரும்பகுதியைத் தாங்குவதால் காலப்போக்கில் சற்று நீள்கின்றன. குறைந்த எடை தாங்கும் பின்வரிசைக் கயிறுகள், குறிப்பாக டைனீமா கயிறுகள், சுருங்குகின்றன. இரண்டும் சேர்ந்து இறக்கையின் தாக்கு கோணத்தைக் கூட்டுகின்றன. இதனால் இறக்கை மெதுவாகப் பறந்து, ஏற்றுவிசை இழக்கும் எல்லையை நெருங்குகிறது. இம்மாற்றம் சில சென்டிமீட்டர் அளவே ஆதலால் கண்ணுக்குப் புலப்படாது. சிறிது சிறிதாக நிகழ்வதால் அன்றாடம் பறப்பவரும் உணர்வதில்லை. கயிறுகளை அளந்து, உற்பத்தியாளரின் அட்டவணையுடன் ஒப்பிடுவதே இதை அறியும் வழியாகும்.

அராமிட் கயிறுகள் மீண்டும் மீண்டும் மடிக்கப்படுவதால் உள்ளிழை அறுந்து வலுவிழக்கும். கயிறுகளை மிதிக்கவோ முடிச்சிடவோ கூடாது.

காலமுறைச் சோதனை

பெரும்பாலான உற்பத்தியாளர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையோ, குறிப்பிட்ட பறப்பு மணிகளுக்கு ஒரு முறையோ, இவற்றுள் எது முந்துகிறதோ அப்போது, முழுச் சோதனையைக் கோருகின்றனர். காப்புப் பாராசூட்டை 6 முதல் 12 மாதங்களுக்கு ஒரு முறை காற்றோட்டத்தில் விரித்து, மீண்டும் மடித்து வைக்க வேண்டும். நெடுநாள் மடிந்தே கிடக்கும் பாராசூட் தாமதமாக விரியும். கடும் மோதலுக்கு உள்ளான தலைக்கவசத்தை, வெளியில் விரிசல் தெரியாவிடினும், மாற்றிவிட வேண்டும்.

இந்தியாவில்

இமாச்சலப் பிரதேசத்தின் பீர்-பில்லிங் இந்தியாவின் புகழ்பெற்ற பறப்பிடமாகும். சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் உள்ள பில்லிங்கில் புறப்பட்டு, கீழே உள்ள பீர் கிராமத்தில் தரையிறங்குவர். 2015 இல் பாராகிளைடிங் உலகக் கோப்பைச் சுற்று இங்கு நடைபெற்றது. மகாராட்டிரத்தின் காம்சேத், கேரளத்தின் வாகமண் ஆகியனவும் அறியப்பட்ட பறப்பிடங்களாகும்.

இவற்றையும் பார்க்க

பாராசூட்
ஹேங் கிளைடர்
மிதவை வானூர்தி