மெய்நிகர் உலகங்களில் கற்றல்: தோற்றமும் செயலும்

சான் பிரான்சிஸ்கோவின் லிண்டன் லேப் நிறுவனம் செகண்ட் லைஃப் என்னும் மெய்நிகர் உலகை 2003இல் திறந்தது. 2006இல் ஹார்வர்டு சட்டப் பேராசிரியர் சார்லஸ் நெசனும் அவர் மகள் ரெபெக்காவும் அதனுள் ஒரு பாடம் நடத்தினார்கள். பல கல்வி நிறுவனங்கள் அங்கே இடம் வாங்கின. வாங்கிய இடத்தில் பெரும்பாலும் தங்கள் வளாகத்தையே மறுபடி கட்டின. நுழைவாயில், நூலகம், வரிசையாக இருக்கைகள் போட்ட அரங்கம். பறக்கவும் நொடியில் இடம்பெயரவும் வல்ல அவதாரங்களை நாற்காலியில் உட்காரவைத்து ஸ்லைடு காட்டியதைக் கற்பனை வறட்சி என்றே சொல்லவேண்டும்.

வகுப்பறைபோலத் தோன்றுவதால் ஓர் உலகம் எதையும் கற்பித்துவிடாது என்பதே என் வாதம். மாணவர் அதனுள் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தே கற்றல் அமைகிறது.

தோற்றத்தின் வலிமை குறித்து 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு எச்சரிக்கிறது. கைடோ மக்ரான்ஸ்கி, ரிச்சர்ட் மேயர் முதலியோர் 52 பல்கலைக்கழக மாணவர்களை ஒரே ஆய்வகப் பாவனைப் பயிற்சியில் ஈடுபடுத்தினர். கணினித் திரையில் பார்ப்பதைவிடத் தலையில் கருவி மாட்டிப் பார்க்கும்போது 'அங்கேயே இருக்கிறோம்' என்ற உணர்வு மிகுந்தது, கற்றது குறைந்தது. மூளை அலைப் பதிவும் மனச்சுமை கூடியதையே காட்டியது. கண்ணுக்கு விருந்து மிகும்போது, சிந்தனைக்கு வேண்டிய கவனத்தை அது தின்றுவிடுகிறது. இதைக்கொண்டு மெய்நிகர் உலகமே வீண் என்று முடிவுகட்ட முடியாது. தத்ரூபத்துக்குச் செலவிடும் பணம் கற்றலாகத் திரும்பிவரும் என்ற நம்பிக்கைக்குத்தான் அது அடி.

மறுபுறம், படமே இல்லாத ஓர் உலகம் கற்பித்திருக்கிறது. 1990களில் ஏமி புரூக்மன் உருவாக்கிய மூஸ் கிராசிங் முழுக்க எழுத்தாலானது. சிறுவர்கள் விலங்குகளையும் அறைகளையும் தட்டச்சு செய்து படைத்தார்கள். அவை அசையவும் பேசவும் நிரல் எழுதினார்கள். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது. ஆனால் சிலர் மிக முன்னேற, பலர் தொடக்கத்திலேயே நின்றுவிட்டதை புரூக்மன் மறைக்கவில்லை. சுதந்திரமாக விட்டால் எல்லோரும் கற்பார்கள் என்பதும் மூடநம்பிக்கைதான்.

இந்த இடைவெளிக்கு நல்ல விடையாக எனக்குப் படுவது, ஹார்வர்டில் கிறிஸ் டீட் குழுவினர் அமைத்த ரிவர் சிட்டி. நோய் பரவிய 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க நகரம் அது. நடுநிலைப் பள்ளி மாணவர்கள் சிறு குழுக்களாக நுழைந்து ஊராரை விசாரித்தார்கள். நீரெடுத்து நுண்ணோக்கியில் கிருமிகளை எண்ணினார்கள். நீரால், காற்றால், பூச்சியால் பரவும் நோய்கள் பின்னிக் கிடந்ததால் ஒரே காரணத்தைப் பிடித்துக்கொண்டு தப்பிக்க முடியவில்லை. பிறகு ஒரு காரணியை மட்டும் மாற்றிச் சோதித்து, கண்டதை நகர மேயருக்குக் கடிதமாக எழுதினார்கள். நிஜ ஊரில் நோயைப் பரப்பி இப்பாடத்தை நடத்த முடியாது. ஆகவே இங்கே மெய்நிகர் உலகம் அலங்காரமாக நிற்கவில்லை. பாடத்தின் இன்றியமையாத பகுதியானது.

மாணவரின் செயலே கற்றல் என்றால், அவர் படைத்தது யார் கையில் இருக்கிறது என்பதும் கற்பித்தல் சார்ந்த கேள்வியாகிறது. கல்வி நிறுவனங்களுக்கு அளித்துவந்த பாதிவிலைச் சலுகையை 2011 முதல் நிறுத்துவதாக லிண்டன் லேப் 2010இல் அறிவித்தது. 2013இல்தான் மீண்டும் கொடுத்தது. மொஸில்லா 2018இல் தொடங்கிய ஹப்ஸ் என்னும் மெய்நிகர் உலகச் சேவையை 2024இல் மூடியது. 2007இல் தொடங்கிய திறமூல மென்பொருளான ஓப்பன்சிமுலேட்டரிலோ ஒரு நிலப்பகுதி முழுவதையும் கோப்பாகச் சேமித்து வேறொரு சர்வரில் ஏற்றலாம். மெய்நிகர் உலகுக்குப் பணம் ஒதுக்கும் பல்கலைக்கழகங்கள், காட்சித் தரத்தைப் பார்ப்பதற்கு முன் இந்த வசதி உண்டா என்று கேட்கவேண்டும். இல்லையென்றால் ஒப்பந்தத்தில் கையெழுத்திடக் கூடாது.