யுவான் சுவாங் பார்க்காத கைலாசநாதர்

ஒரகடத்தில் தொழிற்சாலைகளுக்கு மென்பொருள் எழுதுகிறேன். லீவு கிடைத்தால் வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம். கைலாசநாதர் கோயிலின் மணற்கல் சிங்கங்கள் நடுவே நின்றால் பல்லவர் காஞ்சியையே பார்த்துவிட்ட மாதிரி இருக்கும்.

ஆனா அந்தக் காஞ்சியை நேரில் பார்த்து எழுதியவர் சீனத் துறவி யுவான் சுவாங். அவர் வந்தது சுமார் 640இல், முதலாம் நரசிம்மவர்மன் காலத்தில். கைலாசநாதரைக் கட்டிய ராஜசிம்மன் பட்டத்துக்கு வர இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது. அவர் குறிப்பில் இருப்பது வேறு ஊர்: நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்த மடங்கள், 10,000 துறவிகள், 80 கோயில்கள், ஏராளமான சமணர்கள். நாலந்தாவின் தர்மபாலர் பிறந்த ஊர் என்றும் எழுதுகிறார்.

இந்த உருண்டை எண்களை அப்படியே நம்ப வேண்டாம். பாதியாக்குங்க, கால்வாசியாக்குங்க. அந்த மடங்களில் ஒன்றுகூட இன்று நிற்கவில்லையே, ஏன்?

மகேந்திரவர்மனின் மண்டகப்பட்டுக் கல்வெட்டு ஒரு துப்பு தருகிறது. செங்கல், மரம், உலோகம், சுதை இல்லாமல் கோயில் எடுத்ததை அது பெருமையாகச் சொல்கிறது. அப்படியென்றால் அன்றைய வழக்கம் செங்கலும் மரமும்தான். மடங்களும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆதரவு போனபின் பழுதுபார்க்க ஆளில்லாத செங்கல் எத்தனை மழை தாங்கும்?

மிஞ்சியவை காஞ்சியில் அங்கங்கே கிடைத்த புத்தர் சிலைகள். 1940இல் மயிலை சீனி. வேங்கடசாமி ‘பௌத்தமும் தமிழும்’ நூலில் அவற்றைப் பதிவு செய்தார்.

நிற்கும் கட்டடங்களை மட்டும் பார்த்தால் கல்லில் கட்ட முடிந்தவர்களின் வரலாறுதான் கிடைக்கும். ஒரகடத்துத் தகரக் கூரைகளும் ஷிப்ட் தொழிலாளர்களின் வாடகை அறைகளும் கல் இல்லை. அவற்றை யாராவது இப்போதே எழுதிவைக்கணும்.