சவர்க்காரமும் 226ஆம் ஏரியும்

ஸ்காபரோவில் குழாயைத் திறந்தால் வருவது ஒன்ராறியோ ஏரித் தண்ணீர். அந்த ஏரிக்கு வருகிற தண்ணீரில் பெரும்பங்கு ஈரி ஏரியில் இருந்து வருகிறது. ஊரில் இருந்து யார் வந்தாலும் நயாகராவுக்குக் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்திப் படம் எடுக்கிறோமே, அங்கே விழுவது ஈரி ஏரியின் தண்ணீர்தான். 1960களில் அந்த ஈரி ஏரி செத்துப்போய்விட்டது என்று பத்திரிகைகள் எழுதின. அதைக் கொன்றது யார் என்ற வழக்கில் முக்கியமான சாட்சி சொன்னது ஒரு சின்ன ஏரி. அதற்கு ஒரு பெயர்கூட இல்லை, இலக்கம் மட்டும்தான். அந்தக் கதையைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

உனக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் படிக்கத் தொடங்கி, நாட்டு நிலைமையால் பாதியில் விட்டுவிட்டு வந்தவன் நான். இங்கே வந்து எல்லோரையும் போலக் கோப்பை கழுவினேன், இப்போது அடுப்படியில் நிற்கிறேன். குசினியில் சவர்க்காரத்துக்குக் குறைவில்லை. ஒருநாள் சும்மா நின்ற நேரத்தில் வாளியில் ஒட்டியிருந்த லேபிளை வாசித்தேன். "பொஸ்பேற்று இல்லை" என்று போட்டிருந்தது. ஏன் இல்லை என்று தேடப்போய்க் கிடைத்ததுதான் இவ்வளவும்.

முதலில் பொஸ்பேற்று ஏன் சவர்க்காரத்துக்குள் வந்தது என்று பார்ப்போம். யாழ்ப்பாணத்தாருக்கு இது சுலபமாக விளங்கும். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் லேசில் நுரைக்காது. சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் ஊறி வருகிற தண்ணீர், கல்சியம் கூட. கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிகிறதும் அதுதான். வன்னீர் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். பொஸ்பேற்று அந்தக் கல்சியத்தையும் மகனீசியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும், பிறகு அழுக்கு சுகமாகப் போகும். 1946இல் அமெரிக்காவில் ரைட் சலவைத்தூள் வந்தது. சலவை இயந்திரங்களும் வீட்டுக்கு வீடு வந்தன. ஒரு பத்துப் பதினைந்து வருசத்துக்குள் வட அமெரிக்கா முழுக்கப் பொஸ்பேற்றுத் தூளில் உடுப்புத் தோய்க்கத் தொடங்கிவிட்டது. தோய்த்த தண்ணீர் எல்லாம் கடைசியில் ஏரிக்குத்தானே போகவேண்டும்.

ஏரி "செத்தது" என்றால் உயிர் இல்லாமல் போனது என்று நினைக்கவேண்டாம். உயிர் கூடிப்போனதுதான் வில்லங்கம். பாசி மண்டி, அது செத்து அடியில் போய் அழுகி, அழுகும்போது தண்ணீரில் இருக்கிற ஒட்சிசனைக் குடித்து முடித்துவிடும். அடித்தண்ணீரில் மீன் இருக்க வழியில்லை. கரையெல்லாம் நாற்றம். அந்தக் காலத்தில்தான், 1969 யூனில், ஈரி ஏரிக்குள் விழுகிற கயஹோகா ஆறு எண்ணெய்க்கழிவில் தீப்பிடித்து எரிந்தது. ஆறு எரிந்தது என்றால் எங்கள் ஆக்கள் நம்பமாட்டார்கள், ஆனால் நடந்தது. (தீக்கும் பாசிக்கும் நேரடித் தொடர்பில்லை. ஆனால் சனத்துக்குக் கோபம் வந்தது அந்தத் தீயால்தான்.)

பாசிக்குச் சாப்பாடு போட்டது எது? இதில்தான் சண்டை. பாசி வளர காபன் வேண்டும், நைதரசன் வேண்டும், பொஸ்பரசு வேண்டும். இரண்டு நாடுகளுக்கும் பொதுவான சர்வதேச கூட்டு ஆணைக்குழு, பொஸ்பரசைக் குறையுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தது. சவர்க்காரக் கம்பனிகளுக்கு இது பிடிக்குமா? அந்த நேரம் பார்த்து, குற்றவாளி பொஸ்பரசு இல்லை, காபன்தான் என்று சில கட்டுரைகள் வந்தன. போத்தலுக்குள் ஏரித் தண்ணீரை எடுத்து, காபன் சேர்த்தால் பாசி வளருகிறது என்று காட்டினார்கள். கம்பனிகள் அதைப் பிடித்துக்கொண்டன. அந்தச் சோதனைகள் எல்லாம் பொய் என்று நான் சொல்லவரவில்லை. போத்தலுக்குள் அது அப்படித்தான் நடக்கும். ஆனால் மூடின போத்தலுக்குள் காற்று வந்து போகாது. ஏரிக்கு மேலே ஆகாயம் இருக்கிறது.

இந்த இடத்தில் கனடா ஒரு விசித்திரமான வேலை செய்தது. 1968இல், இதே ஒன்ராறியோ மாகாணத்தின் வடமேற்கு மூலையில், கெனோராவுக்கும் டிரைடனுக்கும் இடைப்பட்ட காட்டில், கொஞ்சச் சின்ன ஏரிகளை ஆராய்ச்சிக்கு என்று ஒதுக்கியது. இன்றைக்கு அவை 58. "பரிசோதனை ஏரிகள் பகுதி" என்று பெயர். ரொறன்ரோவில் இருந்து காரில் போனால் ஒரு பகலும் ஒரு இரவும் காணாது. வின்னிபெக்தான் கிட்ட. அங்கே ஏரிகளைக் கெடுத்துப் பார்க்கலாம். அதாவது, பெரிய ஏரி கெடுகிறது என்றால், சின்ன ஏரி ஒன்றை வேண்டுமென்றே அதே மாதிரிக் கெடுத்து, எதனால் கெடுகிறது என்று அளந்து பார்ப்பது. யாரும் இல்லாத காடு என்று எழுதுவார்கள். அது சரியில்லை. அது 1873இல் எழுதின மூன்றாம் ஒப்பந்தத்து நிலம், அனிஷினாபே மக்களுடையது. அதே டிரைடனில் இருந்த காகித ஆலைத்தொகுதி 1962 முதல் 1970 வரை ஆற்றுக்குள் விட்ட பாதரசத்தால் கிராஸி நரோஸ் மக்கள் இன்றும் வருத்தம் அனுபவிக்கிறார்கள். அந்தக் கெடுதிக்கு முன்கூட்டி ஒருவரும் சோதனை வைக்கவில்லை.

இந்த ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்க வந்தவர் டேவிட் ஷிண்ட்லர். அமெரிக்காவில் வடக்கு டகோட்டாவில் பிறந்தவர், ஒக்ஸ்போர்ட்டில் படித்தவர், வயது அப்போது முப்பதுகூட இல்லை. அவர்கள் முதலில் எடுத்தது 227ஆம் ஏரி. அதில் கரைந்த காபன் மிக மிகக் குறைவு. காபன்தான் காரணம் என்றால் இந்த ஏரியில் பாசி வளரவே கூடாது. 1969இல் தொடங்கி அதற்குள் பொஸ்பரசும் நைதரசனும் மட்டும் போட்டார்கள். காபன் போடவில்லை. ஏரி பச்சைப் பசேல் என்று ஆகிவிட்டது. வேண்டிய காபனைப் பாசி காற்றில் இருந்தே இழுத்துக்கொண்டது.

இது விஞ்ஞானிகளுக்குப் போதும். கம்பனிக்காரருக்கும் அரசியல்வாதிகளுக்கும் அட்டவணை காட்டி ஒன்றும் நடக்காது. 226ஆம் ஏரி நடுவில் இடுப்புச் சிறுத்த ஏரி, எங்கள் உடுக்கு மாதிரி. 1973இல் அந்த இடுப்பில் ஒரு வினைல் திரையைக் குறுக்கே கட்டி, அடிச்சேறு வரைக்கும் இறக்கி இறுக்கினார்கள். ஏரி இரண்டாயிற்று. ஒரு பக்கம் காபனும் நைதரசனும். மற்றப் பக்கம் அதே காபன், அதே நைதரசன், அதோடு பொஸ்பரசு. அந்தக் கோடையிலேயே பொஸ்பரசு போட்ட பக்கம் பச்சைக் களியாகிவிட்டது. மற்றப் பக்கம் கறுத்துத் தெளிந்து கிடந்தது. மேலே இருந்து எடுத்த படம் ஒன்று இருக்கிறது. திரை ஒரு கோடு, கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு நிறம், அந்தப் பக்கம் ஒரு நிறம். பள்ளிக்கூடம் போகாதவருக்கும் விளங்கும். 1974இல் முடிவுகள் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வந்தன.

அந்தப் படம் வந்துதான் சட்டம் வந்தது என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். ஆண்டுகளைப் பார்த்தால் அப்படி இல்லை. கனடா 1970இலேயே சலவைத்தூளில் பொஸ்பேற்றுக்கு 20 வீதம் என்று எல்லை போட்டுவிட்டது, 1973 தொடக்கத்தில் அதை 5 வீதமாக இறக்கியது. 1972 ஏப்ரலில் ட்ரூடோவும் நிக்சனும் (தகப்பன் ட்ரூடோ) ஒட்டாவாவில் இருந்து பேரேரிகள் நீர்த்தர உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள். அதாவது 227ஆம் ஏரியின் முடிவுகளும் கூட்டு ஆணைக்குழுவின் சிபாரிசுமே கனடாவுக்குக் காணுமாக இருந்தது. படம் வேலை செய்தது எல்லைக்கு அந்தப் பக்கம். அங்கே மத்திய சட்டம் வரவில்லை. ஒவ்வொரு மாநிலமாகச் சலவைத்தூளுக்குத் தடை வர 1980களின் கடைசிவரை இழுபட்டது. ஒவ்வொரு இடத்திலும் கம்பனிக்காரர் வந்து நின்றார்கள், ஒவ்வொரு இடத்திலும் அந்தப் படத்தையும் கொண்டுவந்து காட்டினார்கள். கழிவுநீர் நிலையங்களைத் திருத்தவும் இரண்டு நாடும் பெருங்காசு செலவழித்தன. 1978 உடன்படிக்கையில் ஈரி ஏரிக்கு ஆண்டுக்கு 11,000 தொன் பொஸ்பரசு என்று எல்லை வைத்தார்கள், 1980களில் அந்த அளவுக்கு இறங்கியும் விட்டது. செத்த ஏரி எழும்பியது. வீட்டுப் பாத்திரம் கழுவும் இயந்திரத் தூளுக்குக் கனடாவில் கட்டுப்பாடு வந்தது மட்டும் 2010இல்.

மற்ற ஏரிகளின் கதைகளையும் எழுதத் தொடங்கினால் இது முடியாது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். அமிலமழை பற்றிப் பேச்சு வந்தபோது, 1976 முதல் 223ஆம் ஏரிக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அமிலம் விட்டார்கள். பெரிய மீனை அமிலம் நேரடியாகக் கொல்லும் என்றுதான் பொதுவான எண்ணம். பெரிய ட்றவுட் மீன்கள் சாகவில்லை. அதற்குக் கனகாலம் முன்னமே அவை தின்கிற சின்ன இறாலும் குஞ்சு மீனும் இல்லாமல் போய்விட்டன. பெரிய மீன்கள் பட்டினியில் மெலிந்து, தலை மட்டும் பெரிதாகத் தெரிய நீந்தித் திரிந்தன. அந்தப் படத்தையும் தேடிப் பாருங்கள். பட்டினி கிடந்த சனத்தைக் கண்ட எங்களுக்கு அந்த உடம்பு தெரிந்த உடம்புதான்.

இப்படிப்பட்ட இடத்தை 2012 வரவுசெலவுத் திட்டத்தோடு மூடப்போவதாக மத்திய அரசு அறிவித்தது. மிச்சம் பிடிக்கப்போன காசு வருசத்துக்கு இரண்டு மில்லியன் டொலர் அளவு. ரொறன்ரோவில் இரண்டு வீடு வாங்கக் காணும். அந்த வருசம் யூலையில் விஞ்ஞானிகள் வெள்ளை மேலங்கியோடு ஒட்டாவாத் தெருவில் இறங்கி, "ஆதாரத்தின் மரணம்" என்று சவப்பெட்டி தூக்கிக்கொண்டு போனார்கள். ஊர்வலம் எங்களுக்குப் புதிதில்லை, ஆனால் ஏரிக்காக ஒரு செத்தவீடு அப்போதுதான் கேள்விப்பட்டேன். கடைசியில் 2014 ஏப்ரலில் வின்னிபெக்கில் இருக்கிற ஐ.ஐ.எஸ்.டி. என்ற நிறுவனம் பொறுப்பெடுத்தது, ஒன்ராறியோ அரசு காசு கொடுத்தது. தப்பியது.

அதே 2014 ஓகஸ்ட்டில் ஈரி ஏரிக் கரையில் ரொலீடோ நகரத்தில் ஏறத்தாழ நாலு லட்சம் பேருக்கு, குழாய்த் தண்ணீரைக் குடிக்காதே, கொதிக்கவைத்தும் குடிக்காதே என்று அறிவித்தார்கள். பாசியின் நஞ்சு. கொதிக்கவைத்தால் தண்ணீர் வற்றி நஞ்சு கூடும். இந்தமுறை பொஸ்பரசு வந்தது பெரும்பாலும் வயலில் இருந்து, பசளையாக. அப்போது நைதரசனையும் சேர்த்துக் குறைக்கவேண்டுமா என்ற கேள்வி திரும்ப எழுந்தது. 227ஆம் ஏரியிடம் அதற்கும் ஒரு பதில் இருந்தது, ஏனென்றால் 1969இல் தொடங்கின சோதனையை அவர்கள் நிறுத்தவே இல்லை. 1990இல் நைதரசன் போடுவதை மட்டும் அடியோடு விட்டார்கள். பாசி குறையவில்லை. காற்றில் இருந்து நைதரசனை எடுக்கக்கூடிய வகைகள் வந்து இடத்தை நிரப்பிவிட்டன. 37 வருசக் கணக்கை வைத்து 2008இல் ஷிண்ட்லர் குழு அதை எழுதியது. எல்லா விஞ்ஞானிகளும் அதை ஏற்கவில்லை, அந்த வாதம் இன்னும் நடக்கிறது. ஆனால் வாதிக்க 37 வருசத்து அளவு கையில் இருந்தது. ஷிண்ட்லர் 2021 மார்ச்சில் காலமானார்.

இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வருவது சுன்னாகம். குடாநாட்டில் வருசம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. மாரி மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, உப்புத் தண்ணீருக்கு மேலே ஒரு மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கிறது. அவ்வளவுதான் எங்கள் சொத்து. மண் வடிகட்டும் என்று நம்ப முடியாது, வெடிப்புக்குள்ளால் எதுவும் நேரே போகும். தோட்டத்து யூரியாவும் மலசலகூடக் குழியும் நைத்திரேற்றாகக் கிணற்றுக்குள் வருவதைப் போருக்கு முன்னமே, 1980களிலேயே, ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். பிறகு சண்டை. ஷெல் விழுகிற இடத்தில் யார் போத்தலோடு கிணறு கிணறாகத் திரிவது?

சுன்னாகம் மின்நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் என்று 2014, 2015இல் சனம் தெருவுக்கு வந்தபோது, ஒரு குழு ஒன்று சொன்னது, இன்னொரு அறிக்கை வேறொன்று சொன்னது. பழைய எண்ணெயா புதிய எண்ணெயா என்றும் வாதம். சனம் எதை நம்புவது? 2019இல் உயர்நீதிமன்றம், அங்கே மின்சாரம் உற்பத்தி செய்த தனியார் நிறுவனம் கிணற்றுக்காரருக்கு இரண்டு கோடி ரூபா நட்டஈடு கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பளித்தது. வழக்குப் போட்டவர் ஒரு சிங்களவர் என்பதையும் இங்கே எழுதி வைக்கவேண்டும்.

இங்கே இருக்கிற ஊர்ச்சங்கங்கள் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தண்ணீர்த் தாங்கிக்கும் காசு அனுப்புகின்றன. குறை சொல்லவில்லை, நானும் கொடுக்கிறேன். ஊரில் இருபது கிணற்றைத் தெரிந்தெடுத்து, வருசத்தில் இரண்டு தரம், மாரிக்கு முன்னும் பின்னும், அதே கிணறுகளில் உப்பும் நைத்திரேற்றும் அளந்து ஒரு கொப்பியில் எழுதச் சொன்னால் பெரிய செலவில்லை. படிக்கிற பிள்ளைகளுக்கும் ஒரு வேலை. எங்கள் ஊர்ச்சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். நல்ல விசயம் தம்பி என்றார்கள். பெயர்க்கல் எங்கே வைப்பது என்று ஒரு அண்ணை பகிடியாகக் கேட்டார், எல்லோரும் சிரித்தோம். இரண்டு பேர் மட்டும் கூட்டம் முடிந்து வந்து, எவ்வளவு முடியும் என்று விசாரித்தார்கள். அடுத்த கூட்டம் சித்திரையில்.