நீலகிரிக்கு வந்த டிரவுட்

பங்சார்ப் பேரங்காடியில் சால்மனும் டிரவுட்டும் பனிக்கட்டியின்மேல் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. இரண்டும் உறவினங்களே. வட அமெரிக்கப் பேரேரிகளில் இவற்றைப் பிடிப்போர், படகை மெல்லச் செலுத்தியபடி தூண்டில்களைப் பின்னே இழுத்துச் செல்வர். தமிழகத்திலும் டிரவுட் உண்டென்றால் நம்புவீர்களா?

1863-இல் பிரான்சிஸ் டே என்னும் மருத்துவர், இங்கிலாந்திலிருந்து டிரவுட் முட்டைகளை நீலகிரிக்குத் தருவிக்க முயன்றார். குளிர்நீரில் மட்டுமே பிழைக்கும் முட்டைகள் அவை. பயண வெப்பத்தில் அத்தனையும் அழிந்தன. உதகையில் குடியேறிய ஆங்கிலேயருக்கோ ஊர் மீனின் நினைவு அகலவில்லை. (முருங்கைக்காய்க்கு ஏங்கும் நாம் இதைக் குறைசொல்ல இயலுமா?)

இறுதியில் வென்றவர் எச். சி. வில்சன். 1907-இல் அவலாஞ்சியில் மீன் பொரிப்பகம் எழுந்தது. ஆனால் அங்கே வேரூன்றியது இங்கிலாந்தின் பழுப்பு டிரவுட் அன்று. பசிபிக் பெருங்கடலோர அமெரிக்க, கனடிய ஆறுகளுக்குரிய வானவில் டிரவுட். 1989-இல் அறிவியலார் அதனைப் பசிபிக் சால்மன்களின் பேரினத்திலேயே சேர்த்தனர்.

பின்னாளில் கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா உதவ, குந்தா நீர்மின் திட்டம் உருவாயிற்று. அவலாஞ்சி, எமரால்டு நீர்த்தேக்கங்கள் பிறந்தன. கனடிய ஆற்று மீனுக்குக் கனடிய உதவியால் ஏரி வாய்த்த வேடிக்கை இது. அந்நீருக்கடியில் மூழ்கியவையோ நீலகிரியின் சொந்தப் புல்வெளிகளும் சோலைக்காடுகளும்.